கருமருந்து ரிவால்வரில் தோட்டா சிலிண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய பாணித் துப்பாக்கி சுடுபவர்களிடையே நன்றாகப் புழங்கும் பொருள் இது. இத்தாலியில் செய்த கோல்ட் 1851, 1860 அல்லது ரெமிங்டன் 1858 மாதிரி நகல் ரிவால்வரை வாங்குவார்கள். கருமருந்தும் ஈயக் குண்டும் கேப்பும் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) போட்டுச் சில மாதம் சுடுவார்கள். அதன்பிறகு தோட்டா போடும் மாற்றுச் சிலிண்டர் மீது கண் விழும். அந்தக் கட்டத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்களே இவை.

மாற்றுச் சிலிண்டர் என்றால் என்ன?

கருமருந்து ரிவால்வரின் சிலிண்டர் பின்பக்கம் மூடியிருக்கும். ஒவ்வோர் அறையின் பின்னாலும் துளையிட்ட ஒரு குமிழ் (நிப்பிள்), அதன் மேல் ஒரு கேப். மருந்தையும் குண்டையும் முன்பக்கமாகப் போட்டு நெம்புகோலால் அழுத்த வேண்டும். மாற்றுச் சிலிண்டரில் அறைகள் இரு பக்கமும் திறந்திருக்கும். பின்பக்கமாகத் தோட்டாவை நுழைத்து, பின்னால் ஒரு தகட்டையோ வளையத்தையோ வைத்து மூடுகிறோம். தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் அந்தத் தகட்டிலேயே இருப்பதால் ரிவால்வரின் ஹாமரை மாற்றத் தேவையில்லை.

மாறுவது சிலிண்டர் மட்டும்தான். ஃபிரேம், குழல், அச்சு, ஆப்பு எல்லாம் 1850, 1860-களின் வடிவமைப்பிலேயே நிற்கின்றன. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

இது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பா?

இல்லை, 150 வருடத்துக்கு மேல் பழையது. முழுக்கத் துளைத்த சிலிண்டருக்கு அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர் ரோலின் வைட் 1855 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். கோல்ட் நிறுவனம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் உரிமம் எடுத்து, ரிவால்வர் ஒன்றுக்கு 25 சென்ட் அவருக்குக் கொடுத்தது. உள்நாட்டுப் போர் முழுவதும் கோல்ட்டும் ரெமிங்டனும் கேப் ரிவால்வரே விற்றுக்கொண்டிருந்ததற்கு இந்தக் காப்புரிமை ஒரு முக்கியக் காரணம்.

1868-ல் ரெமிங்டன், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு உரிமத்தொகை கட்டி, சின்சினாட்டி வியாபாரி பெஞ்சமின் கிட்ரெட்ஜுக்காகச் சுமார் 4,500 ரிவால்வர்களை .46 ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அவற்றில் ஆறு அறை ஐந்தாகியது. காப்புரிமை 1869-ல் முடிந்தது. வைட் நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றம் வரை போனார். ஜனாதிபதி கிராண்ட் 1870-ல் அந்த மசோதாவை நிராகரித்தார். அதன்பிறகுதான் கோல்ட்டின் ரிச்சர்ட்ஸ், மேசன் மாற்றங்கள் வந்தன. 1873-ல் புதிய ரிவால்வரே வந்துவிட்டதால், மாற்றிய ரிவால்வர்களின் காலம் சில வருடங்களோடு முடிந்தது.

சந்தையில் எந்த வகைகள் உள்ளன?

அடிப்படையில் இரண்டு.

ஒன்று, கழற்றிப் போடும் பின்தகடு கொண்டது. ஆர் அண்ட் டி, ஹோவெல் என்ற பெயர்களில் தெரிந்த வகை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஃபயரிங் பின் தகட்டிலேயே இருக்கும். தகடும் சிலிண்டரோடு சேர்ந்து சுழலும். ஃபிரேமில் எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை தோட்டா நிரப்பவும் சிலிண்டரை வெளியே எடுக்க வேண்டும்.

இன்னொன்று கிர்ஸ்ட் வகை. இதில் பின் வளையம் சுழலாது. அதில் ஒரே ஒரு ஃபயரிங் பின். சிலிண்டர் மட்டும் அதன் முன்னால் சுழலும். வாயிற்கதவு வைத்த மாடலில் சிலிண்டரை எடுக்காமலே ஒவ்வொன்றாகத் தோட்டா போடலாம். அதற்கு ஃபிரேமின் வலப்பக்கத்தில் வழி வெட்ட வேண்டும். அது துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் உள்ளவரின் வேலை. வெட்டிய இரும்பு திரும்ப வளராது, வீட்டில் அரத்தோடு உட்காராதீர்கள். கதவில்லாத மாடலும் கிடைக்கிறது, அதற்கு வெட்டு வேலை இல்லை.

.44 ரிவால்வருக்கு ஏன் .45 தோட்டா?

கருமருந்துக் காலத்து எண்கள் தோராயமானவை. ".44" என்று முத்திரை குத்திய நகல் ரிவால்வரில் போடும் உருண்டைக் குண்டே 0.451 அல்லது 0.454 அங்குலம். குழலின் உள்வரிகளும் அதையொட்டியே இருக்கும். .45 கோல்ட் தோட்டாவின் ஈயத் தலை 0.452 முதல் 0.454 வரை. ஆக அளவு ஒத்துப்போகிறது, பெயர்தான் குழப்புகிறது.

இடப் பற்றாக்குறை வேறு விஷயம். உருண்டைக்கு விளிம்பு கிடையாது; .45 கோல்ட் தோட்டாவின் விளிம்பு 0.512 அங்குலம். பழைய சிலிண்டரின் விட்டத்துக்குள் ஆறு தோட்டாக்களை வட்டமாக அடுக்கினால் விளிம்புகள் ஒன்றோடொன்று இடிக்கும். ரெமிங்டனுக்கான ஆறு அறை ஆர் அண்ட் டி சிலிண்டரில் இதற்காகவே அறைகளைச் சற்றுச் சாய்த்துத் துளைத்திருப்பார்கள்: பின்பக்கம் விரிந்து, முன்பக்கம் குழலை நோக்கிக் குவியும். முதன்முறை பார்ப்பவருக்குத் துளை கோணலாகிவிட்டதோ என்று தோன்றும். வேண்டுமென்றே செய்ததுதான். ஐந்தே அறை வைத்து இந்தச் சிக்கலைத் தாண்டுகிறவர்களும் உண்டு.

.36 நேவி ரிவால்வரில் .38 ஸ்பெஷல் நேராகப் போகுமா?

சாதாரண .38 ஸ்பெஷல் என்றால் பெரும்பாலும் போகாது. .36 குழலின் பள்ள விட்டம் 0.375 அங்குலத்தை ஒட்டி இருக்கும். .38 ஸ்பெஷல் குண்டோ 0.358. வரிகளைப் பிடிக்காமல் குண்டு வழுக்கிக்கொண்டு போகும். இலக்கு அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீளத் துளை விழுந்தால், குண்டு படுத்தபடியே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு வழி, அடிப்பக்கம் குழிந்த 148 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு) மென்ஈய வாட்கட்டர், அதாவது தட்டைமுனைக் குண்டு. வாயு அழுத்தத்தில் அதன் பின்பாவாடை விரிந்து வரிகளைப் பிடிக்கும். குறைந்த வேகத் தோட்டாக்களில் மட்டும்தான் இது செல்லும். வேகம் கூடினால் பாவாடை கிழிந்து குழலிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு.

பித்தளை ஃபிரேமில் போடலாமா?

கூடாது. இதில் "கொஞ்சமாகச் சுட்டால் பரவாயில்லை" என்ற பேச்சே இல்லை.

பித்தளை ஃபிரேமுக்கு விலை குறைவு, பளபளப்பு அதிகம். அதனால் முதலில் வாங்குகிறவர் பலர் அதையே எடுக்கிறார்கள். கோல்ட் பாணி ரிவால்வரில் சிலிண்டருக்கு மேலே ஃபிரேமின் மேல்பட்டை கிடையாது. சுடும்போது வரும் இழுவிசை முழுவதும் நடு அச்சில் இறங்கும். அந்த அச்சு திருகப்பட்டிருப்பது ஃபிரேமில். ஃபிரேம் பித்தளையாக இருந்தால் மறைகள் மெல்ல மெல்ல நெகிழும், அச்சு ஆடத் தொடங்கும். சிலிண்டரின் பின்பக்கம் இடிக்கும் இடத்தில் ராட்செட் (சிலிண்டரைச் சுழற்றும் பற்கள்) வட்டத்தின் தடம் பித்தளையில் பதிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கருமருந்தைக் கூடுதலாகப் போட்டாலே இப்படி ஆகும் என்னும்போது தோட்டா இன்னும் மோசம். மாற்றுச் சிலிண்டர் செய்பவர்களும் எஃகு ஃபிரேமுக்கு மட்டும் என்றே குறிப்பிடுகிறார்கள்.

ரெமிங்டன் பாணியில் மேல்பட்டை இருப்பதால் இயல்பாகவே உறுதி அதிகம். இந்த வேலைக்கு ரெமிங்டனே நல்லது. பிடிப்பதற்கு கோல்ட் 1860 எவ்வளவு சுகமாக இருந்தாலும்.

எந்தத் தோட்டா பாதுகாப்பானது?

கருமருந்துத் தோட்டா, அல்லது "கௌபாய் லோடு" என்று விற்கும் குறைந்த அழுத்த ஈயத் தோட்டா. செப்பு உறை போட்ட குண்டு வேண்டாம். பெட்டியில் "பிளஸ் பி" (கூடுதல் அழுத்தம்) என்று இருந்தால் தொடவே வேண்டாம். .45 கோல்ட்டுக்குத் தொழிற்தர உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. ஆனால் நவீன வலுவான ரிவால்வர்களுக்கென்று அதே .45 கோல்ட் பெயரில் மிகக் கடுமையான தோட்டாக்களும் விற்கிறார்கள். அவை இந்த ரிவால்வரின் அறையிலும் அழகாக நுழையும். நுழைகிறது என்பதற்காகச் சுடலாம் என்று ஆகாது.

குழலில் "பிளாக் பவுடர் ஒன்லி" என்ற வாசகமும், இத்தாலிய சோதனைச் சாலையின் "பிஎன்" (PN) முத்திரையும் இருக்கும். அந்தச் சோதனை கருமருந்துக்கானது. புதுச் சிலிண்டர் எவ்வளவு உயர்ந்த எஃகில் செய்ததாக இருந்தாலும் குழலும் ஃபிரேமும் அந்த முத்திரைக்கு உரியவைதான்.

உபெர்ட்டிக்கு வாங்கியதை பியெட்டாவில் போடலாமா?

வேண்டாம். நகல் ரிவால்வர் செய்யும் இந்த இரண்டு கம்பெனிகளும் இத்தாலியில், ஒரே பிரெஷியா மாகாணத்தில் இருக்கின்றன. ஒரே மாதிரியின் நகலைத்தான் செய்கின்றன. ஆனாலும் சிலிண்டர் நீளம், அச்சு விட்டம், ராட்செட் பல்லின் உயரம் ஆகியவற்றில் நுண்ணிய வித்தியாசம் உண்டு. மாற்றுச் சிலிண்டர்கள் "பியெட்டா 1858-க்கு", "உபெர்ட்டி 1860-க்கு" என்றே விற்கப்படுவதற்குக் காரணம் இதுதான். உங்கள் ரிவால்வர் எந்தக் கம்பெனி என்பது குழலிலோ, நெம்புகோலுக்கு அடியிலோ, ஃபிரேமிலோ பொறித்திருக்கும். பெட்டியை நம்பாதீர்கள், இரும்பைப் பாருங்கள்.

புதுச் சிலிண்டர் வந்ததும் என்ன சரிபார்க்க வேண்டும்?

எல்லாம் வெறும் சிலிண்டரோடு. மேசை மேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

முதலில் இரண்டு சிலிண்டர்களின் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். ரெமிங்டனில் ஹாமரைப் பாதி இழுத்து, நெம்புகோலை இறக்கி, அச்சை முன்னால் இழுத்தால் சிலிண்டர் வலப்பக்கம் உருண்டு வெளியே வரும். புதியது அதே வழியில் உள்ளே போக வேண்டும். அச்சு விரல் அழுத்தத்திலேயே நுழைய வேண்டும். தட்டித்தான் நுழைகிறது என்றால் ஏதோ ஒன்று நேராக இல்லை.

பாதி இழுத்த நிலையில் சிலிண்டரைக் கையால் சுழற்றுங்கள். "டிக் டிக்" என்று ஒரே சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால், தகடு சரியாக உட்காரவில்லை அல்லது ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது.

அடுத்துவருவது முக்கியமான சோதனை. கட்டைவிரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்தபடி ஹாமரை மிக மெதுவாக முழுவதும் இழுங்கள். ஹாமர் கடைசிப் படியில் நிற்பதற்குள் சிலிண்டரின் பூட்டு பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆறு அறைகளுக்கும் செய்யுங்கள். ஹாமர் நின்றபிறகும் சிலிண்டரைக் கையால் கொஞ்சம் தள்ளினால்தான் பூட்டு விழுகிறது என்றால், அறை குழலுக்கு நேராக வரவில்லை. அப்படியே சுட்டால் குண்டின் ஒரு பக்கம் சீவிக்கொண்டு ஈயத்துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் படும்.

கடைசியாகச் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கார் மெக்கானிக் வைத்திருக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜே போதும். 0.006 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிட ரொம்பக் குறைந்தால் கருமருந்துக் கரி படிந்து சிலிண்டர் சீக்கிரம் இறுகும். ரொம்பக் கூடினால் வாயு வீணாகி, நெருப்புப் பக்கவாட்டில் அடிக்கும்.

இவற்றில் எது தவறினாலும் ராவிச் சரிசெய்ய முயலாமல் சிலிண்டரையும் ரிவால்வரையும் சேர்த்தே தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் அளவுக்கோலை குழல் வழியாக விட்டு ஒவ்வோர் அறையும் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

கோல்ட் பாணியில் ஒருநாள் சரியாக ஓடுகிறது, மறுநாள் இறுகுகிறது. ஏன்?

ஆப்பைப் பாருங்கள். கோல்ட்டில் குழலை ஃபிரேமோடு பிடித்திருப்பது குறுக்கே அடித்த ஒரே ஒரு ஆப்பு. நடு அச்சின் நுனி, குழல் கட்டையில் உள்ள குழியின் அடிவரை போய் முட்டி நிற்க வேண்டும். அப்படி முட்டினால் ஆப்பை எவ்வளவு இறுக்கினாலும் குழல் பின்னால் வராது. நகல்களில், முக்கியமாக உபெர்ட்டியில், அச்சு குட்டையாகி அடியைத் தொடாமல் நிற்பது அடிக்கடி காணப்படும் குறை. அப்போது ஆப்பை ஓர் அடி கூடுதலாகத் தட்டினால் குழல் சிலிண்டரை நோக்கி இழுபட்டு இடைவெளி காணாமல் போகும். குறைத்துத் தட்டினால் குழல் ஆடும்.

கண்டுபிடிப்பது எளிது. சிலிண்டரை எடுத்துவிட்டு, குழல் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி அச்சில் முழுவதும் செருகுங்கள். இப்போது குழலின் கீழ்க்கட்டை ஃபிரேமின் முன்முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அது முகத்தைத் தாண்டிப் பின்னால் போய் ஃபிரேமோடு ஒட்டி மேற்படிந்தால் அச்சு குட்டை என்று பொருள். குழிக்குள் சரியான தடிமனில் ஒரு எஃகுத் துண்டு வைத்து நிரந்தரமாகச் சரிசெய்வார்கள். அதுவரை ஆப்பை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்குத் தட்டிப் பழகுங்கள்.

தோட்டா நிரப்பும்போது என்ன கவனம்?

பின்தகடு வகையில் நிரம்பிய சிலிண்டர் கையில் இருக்கும் நேரம்தான் ஆபத்தானது. ஃபயரிங் பின்களின் தலைகள் தகட்டின் வெளிப்பக்கம் தெரியும். நிரம்பிய சிலிண்டர் கைதவறி அந்தப் பக்கமாகக் கல்தரையில் விழுந்தால் வெடிக்க வாய்ப்பிருக்கிறது. மெத்தென்ற துணி விரித்த மேசை மேல் வைத்தே செய்யுங்கள். சட்டைப்பையில் நிரம்பிய சிலிண்டர் வைத்துக்கொள்வது படத்தில் நன்றாக இருக்கும், நிஜத்தில் வேண்டாம்.

ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான். ஹாமர் வெற்று அறையின் மேல் இறங்கியிருக்க வேண்டும்.

சில தோட்டாக்கள் வெடிக்கவில்லை. எதனால்?

வெடிக்காத தோட்டா கிடைத்தால் குழலை இலக்குப் பக்கம் பிடித்தபடியே அரை நிமிடம் பொறுத்திருங்கள், பிறகுதான் கழற்றுவது. தோட்டாவின் பின்னால், குத்தினால் பொறி தரும் பிரைமரைப் பாருங்கள். குத்து ஆழமில்லாமல் இருந்தால் ஹாமரின் வில் சோர்ந்திருக்கலாம், அல்லது ஹாமர் முகம் தேய்ந்து குழி விழுந்திருக்கலாம். நிப்பிள் மேல் கேப் இல்லாமலே "டப் டப்" என்று அடித்துப் பார்த்த பழைய ரிவால்வர்களில் அந்தக் குழியைக் காணலாம். குத்து மையத்தில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் தகடு சரியாக உட்காரவில்லை. பிரைமர் கொஞ்சம் வெளியே துருத்தியிருந்தால் தகட்டில் உரசிச் சிலிண்டரையே இறுக்கிவிடும். வீட்டில் மறுநிரப்பல் செய்பவர்களுக்கு இது வழக்கமான தலைவலி.

மாற்றியபிறகு குண்டு உயரமாகப் போகிறதே?

போகும். 0.454 உருண்டை 145 கிரெய்னுக்குள்தான்; .45 கோல்ட் குண்டு 250 கிரெய்ன். கனமான குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் ரிவால்வர் அதிகம் மேலெழுந்துவிடுகிறது. கோல்ட்டின் பின்குறி ஹாமர் தலையில் வெட்டிய ஒரு பிளவுதான். அது கிட்டத்தில் ஏற்கெனவே உயரமாகவே அடிக்கும். முன்குறியை உயரமானதாக மாற்றுவதே தீர்வு.

சுத்தம் செய்வது சுலபமாகுமா?

கேப் துண்டு உள்ளே விழுந்து சிக்கும் தொல்லை போய்விடும், ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவும் பயமும் போய்விடும். கரி மட்டும் போகாது. கருமருந்துத் தோட்டா சுட்டால் அதே வேலைதான். அந்தக் கரியில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைக் கொண்டுவரும். எண்ணெயால் அதைக் கரைக்க முடியாது, தண்ணீரால் முடியும். நல்ல சூட்டில் சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், பிறகு வெறும் வெந்நீர். இரும்பு சூடாக இருக்கும்போதே துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். தகட்டைக் கழற்றி ஃபயரிங் பின் துளைகளிலும் தண்ணீர் நிற்காமல் ஊதி உலர்த்துங்கள். அங்கே துருப்பிடித்தால்தான் பின் முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொள்ளும்.

ரெமிங்டன் அச்சு மெலிதானது, வழவழப்பானது. சிலிண்டர் இடைவெளியிலிருந்து வரும் கரி நேராக அதன்மேல் படிந்து, கருமருந்தில் சில சுற்றுகளுக்குள் இறுக்கிவிடும். கோல்ட்டின் தடித்த அச்சில் கிரீஸ் தங்கப் பள்ளங்கள் இருப்பதால் கூடுதல் நேரம் ஓடும். அச்சில் இயற்கைக் கொழுப்பு கலந்த கிரீஸ் பூசுங்கள். பெட்ரோலிய கிரீஸ் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடும். காலித் தோட்டாக் கூடுகளையும் அன்றே சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விட்டால் பித்தளை கறுத்து அரிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க மத்தியச் சட்டத்தில் கேப் ரிவால்வர் நகல் "பழம்பொருள்" வகையில் வருவதால் வாங்கச் சிரமம் குறைவு. தோட்டா சிலிண்டரைப் பூட்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அது அப்போது சாதாரணத் துப்பாக்கி. துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் இதையும் வைத்திருக்க முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு.

பிரிட்டனில் உள்ளவர்களுக்குத் தெளிவாகவே சொல்லலாம்: 1997 சட்டத்துக்குப் பிறகு அங்கே முன்வழி நிரப்பும் கைத்துப்பாக்கிக்கு விலக்கு உண்டு, ஆனால் தோட்டா சிலிண்டர் போட்டால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், உரிமமின்றி ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவதும் குற்றம்.

மறுபடியும் பழைய சிலிண்டரைப் போடலாமா?

தாராளமாக. அதே வழியில் கழற்றி அதே வழியில் போடலாம். நிரந்தரமாக எதுவும் மாறவில்லை, வாயில் வெட்டியிருந்தால் தவிர. ஆனால் மருந்தைக் கலந்துவிடாதீர்கள். தோட்டாவில் இருப்பது புகையற்ற மருந்தாக இருக்கலாம். அதைக் கேப் சிலிண்டரின் அறையில் கொட்டினால், கருமருந்தின் பாதி அளவானாலும் சிலிண்டர் வெடித்துச் சிதறும். மறுநிரப்பல் மேசையும் கருமருந்துக் குடுவையும் வேறு வேறு அலமாரியில் இருக்கட்டும். குடுவையில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.